எண்ணெய்த் தலையும் எண்ணெய்ப்பனையும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துக் கடைத்தெரு ஒன்றிலே சில திங்களுக்கு முன் நாம் கண்ட காட்சி இது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே தலை நரைத்த மூதாட்டி ஒருவர், பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, தலைக்குரிய சரக்குகள் அடுக்கிய தட்டின் முன் நின்றார். வறண்ட முடிக்கு ஒன்று, பிசுக்குள்ள முடிக்கு ஒன்று, சுருள் முடிக்கு ஒன்று, சாயமிட்ட முடிக்கு ஒன்று, உதிரும் முடிக்கு ஒன்று என இருபது புட்டிகளுக்குக் குறையாமல் இருந்தன. பேத்தி ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். பாட்டி விலையைப் பார்த்தார். "இத்தனை வெள்ளி குடுக்க இதுக்குள்ள என்னாம்மா இருக்குது?" என்று கேட்டார். பேத்திக்கு விடை தெரியவில்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை.

கண்டிஷனர் என்று பெயர் பெற்ற அக்கூந்தற் பூச்சினுள் இருப்பது என்ன? அது எங்கிருந்து வந்தது? நம் மக்கள் அதற்கு முன் எதைக்கொண்டு தலைமுடியைப் பதப்படுத்தினர்? இவற்றை ஆராயப் புகுந்தால் சரித்திரம் நம்மைப் பாரிசுக்கும் இலண்டனுக்கும் அழைத்துச் சென்று, கடைசியில் அம்மூதாட்டி கூலி வாங்கிய சிலாங்கூர் ஆற்றங்கரைக்கே திரும்பக் கொண்டுவந்து விடுகிறது.

கூந்தலைக் கழுவுவது வேறு, கழுவிய கூந்தலைப் பதப்படுத்துவது வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழர் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே மாதவி நீராடும் பகுதியைப் படித்தோர் அறிவர். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே, வாசநெய் பூசிய தன் கூந்தலை அவள் ஆட்டுகிறாள், நறும்புகையில் உலர்த்துகிறாள், பின்னர் வகை வகையாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். துவர் அழுக்கைப் போக்கும். நெய் மென்மை தரும். புகையும் குழம்பும் மணம் ஏற்றும். மூன்று தொழிலுக்கு மூன்று பொருள். இன்றைய கடைத்தட்டில் இருப்பதும் இந்த மூன்றேதான். ஆனால் இதை வைத்துப் பழம்பெருமை பேச நாம் ஒருப்படோம். புகார் நகரத்து ஆடலரசிக்கு முப்பத்திரண்டு வகை ஓமாலிகை கிடைத்தது. உப்பு வண்டியின் பின்னே நடந்த உமணப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்பதை இளங்கோவடிகள் கூறினாரல்லர்.

மணத்தைப் பற்றி ஒரு சொல். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் அவையில் எழுந்த வழக்கைத் திருவிளையாடற் புராணம் கூறும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றி எழுந்த கதை அது. கதையைக் கதையாகவே கொள்வோம். ஆயினும், மணம் பூவாலும் பூச்சாலும் வந்ததேயன்றி மயிரில் இயல்பாக இல்லை என்ற நக்கீரர் கட்சியே நம் கட்சி. புட்டியைத் திறந்து முகர்ந்து வாங்குவோர் வாசனையைத்தான் வாங்குகின்றனர். அதனால் மூக்குக்கு இன்பம் உண்டு. முடிக்குப் பயன் யாதும் இல்லை.

ஏழை எளியோர் வீட்டில் இருந்தவை வேறு. சீயக்காயும் அரப்பும் அழுக்கெடுக்க. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மென்மைக்கு. வடிகஞ்சி, ஊறவைத்து அரைத்த வெந்தயம், கசக்கிய செம்பருத்தி இலை ஆகியவை வழுவழுப்புக்கு. சீயக்காயில் நுரைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதன் கரைசலிலே சற்றுப் புளிப்புத் தன்மையும் உண்டு. செம்பருத்தி இலையின் கொழகொழப்பு முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஓர் இழை மற்றோர் இழையோடு உராய்வதைக் குறைக்கிறது. கண்டிஷனர் செய்யும் வேலையும் பெரும்பாலும் இதுவே. கசக்கிப் பிழிய நேரமும் கையும் வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு.

கங்காணிமார் ஆள் திரட்டிய காலத்திலும், 1907இல் நிறுவப்பெற்ற குடியேற்ற நிதியின் செலவில் கப்பலேறிய காலத்திலும், 1938இல் இந்திய அரசாங்கம் இத்தகைய குடியேற்றத்தைத் தடுக்கும் வரையிலும், நம் மக்கள் இவ்வழக்கங்களைத் தலையோடு கொண்டுவந்தனர். ஆனால் அவற்றைக் காக்கும் ஓய்வைத் தோட்டம் தரவில்லை. ஆடவர் புதனும் சனியும், பெண்டிர் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்து முழுகவேண்டும் என்பது ஊர் வழக்கம். விடியுமுன் பெரட்டில் நிற்கவேண்டியவருக்குச் செவ்வாய் ஏது, வெள்ளி ஏது? வேலை ஓய்ந்த நாள் எதுவோ, அதுவே எண்ணெய் முழுக்கு நாளாயிற்று. பஞ்சாங்கத்தை மீறினால் கேடு வரும் என்று அஞ்சிய தலைமுறையே மீறிப் பார்த்தது. ஒரு கேடும் வரவில்லை. எத்தனையோ மேடைப் பிரசங்கங்கள் செய்யமாட்டாத வேலையைப் பெரட்டு மணி செய்துவிட்டது!

தோட்ட வேலை தலைமுடிக்குப் புதிய தொல்லைகளையும் கொண்டுவந்தது. மரத்துப் பால் முடியில் பட்டு உறைந்தால் எளிதில் போகாது. அதற்காகவே பால்வெட்டும் பெண்கள் தலையை இறுகத் துணியால் மூடிக் கட்டினர். வெயிலும் வியர்வையும் கொட்டகைப் புகையும் போதாவென்று, கரையோரத்துச் சதுப்புக் காட்டு நீர் தேயிலைச் சாற்றைப்போல் பழுப்பாக இருக்கும். 1920களின் முடிவில் ஆணுக்கு நாட்கூலி 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என விகிதம் ஏற்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. அக்காசில் அரிசி போக மிஞ்சியதில்தான் தலை எண்ணெய்.

ஆகவே துணி துவைத்த சவர்க்காரக் கட்டியே தலைக்கும் வந்தது. இது பெரிய மாறுதல். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. முடியின் மேற்புறம் ஓட்டுக்கூரைபோல் செதில் செதிலாக அடுக்கப்பட்டது. காரம் பட்டால் அச்செதில்கள் நிமிர்ந்துகொள்ளும். கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பின் சவர்க்காரம் அதனோடு கூடி வெண்பிசுக்காக முடியில் தங்கும். முடி சிக்குப்படும், சீப்பு இறங்காது, இழை அறும். அதை மறைக்க முன்னிலும் மிகுதியாக எண்ணெய் தடவவேண்டி நேர்ந்தது. பளபளவென்று எண்ணெய் வழியும் தோட்டத்துத் தலை பிறந்தது இவ்வாறே. அது பட்டிக்காட்டு அறியாமையால் விளைந்ததன்று, சவர்க்காரத்தால் விளைந்தது.

பட்டணம் இதை அறியாமல் நகைத்தது. நாம் சிறுவராயிருந்த நாளில், பட்டணத்துப் பள்ளி ஒன்றுக்குத் தோட்டங்களிலிருந்து லாரி ஏறி வந்த பெண்பிள்ளைகளை 'எண்ணெய்த் தலை' என்றே உடன்படித்தோர் அழைத்தனர். வகுப்பாசிரியர் ஒருவர் அவர்களைத் தனி விசிப்பலகையில் அமர்த்தினார். சுவரிலே பிசுக்குப் படுகிறதாம். அப்பிள்ளைகளுள் ஒருத்தி மறுநாள் சவர்க்காரத்தால் மூன்று முறை தேய்த்துக் கழுவி, வைக்கோற் போர் போன்ற தலையோடு வந்தாள். அதற்கும் சிரித்தார்கள். அவள் அதற்குமேல் படிக்க வரவில்லை. இன்று கூந்தற் பூச்சு விளம்பரத்தில் காற்றிலே மிதக்கும் முடியைக் காணும்போதெல்லாம் அந்த விசிப்பலகை நம் நினைவுக்கு வருகிறது. விற்பனைக்காரர் விற்பது பாதி பூச்சு. மீதிப் பாதி வெட்கத்திலிருந்து விடுதலை.

நிற்க. எண்ணெயைக் கண்டு சிரித்த மேனாட்டார் தாம் எதைப் பூசினர்? பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவிலிருந்து இலண்டன் கனவான்கள் ரௌலந்து என்பார் விற்ற 'மக்காசர் எண்ணெய்'யைத் தலையில் தடவிக்கொண்டனர். மக்காசர் என்பது செலிபிசுத் தீவின் துறைமுகம். நம் மலாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. அவர்கள் சாய்ந்த நாற்காலிகளிலெல்லாம் கறை ஏறவே, சாய்மானத்தின்மேல் ஒரு துணியைப் போட்டு அதற்கு 'மக்காசர்த் தடுப்பு' என்னும் பொருளில் பெயரும் வைத்தனர்! பள்ளிச் சுவருக்குத் துணி போட யாருக்கும் தோன்றவில்லை போலும். ஷாம்பு என்னும் சொல்லும் அவர்களுடையதன்று. பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லின் திரிபு அது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் குளியற்கூடம் திறந்து, மன்னர் நான்காம் ஜார்ஜுக்கும் உடம்பு பிடித்துவிடும் பதவியைப் பெற்றார். அச்சொல் உடம்பிலிருந்து தலைக்கு ஏறியது பிற்காலத்தில்.

செயற்கை அழுக்ககற்றியால் செய்த ஷாம்பு 1930களில் அமெரிக்காவிலே வந்தது. 'டிரீன்' என்பது 1934இல் வந்த ஒன்று. சவர்க்காரத்தைப்போல் வெண்பிசுக்கை விடாத நன்மை அதற்கு உண்டு. ஆனால் அது அளவுக்கு மிஞ்சி நன்றாகக் கழுவிற்று. அழுக்கோடு முடியின் இயற்கை நெய்யையும் கொண்டுபோயிற்று. கழுவியதைச் சரிக்கட்ட மற்றொரு சரக்கு வேண்டியதாயிற்று. நெசவாலைகளில் துணியை மென்மையாக்கப் பயன்பட்ட உப்புப் பொருள்களை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தலைமுடிக்குக் கொண்டுவந்தனர். துணியும் முடியும் ஒன்றா என்று கேட்கலாம். கம்பளியும் முடியும் ஏறக்குறைய ஒன்றே.

அவ்வுப்பை முடிமேல் பரப்ப ஒரு குழைவான அடித்தளம் வேண்டும். கண்டிஷனருக்கு வெண்ணெய் போன்ற உருவைத் தருவது அதுவே. அதற்குப் பெயர் சீட்டைல் ஆல்கஹால். ஆல்கஹால் என்றதும் வாசகர் கள்ளுக்கடையை நினைக்கவேண்டா. இது மெழுகு போன்ற வெள்ளைப் பொருள்; முடியை உலர்த்தாது, மென்மையாக்கும். பிரெஞ்சு அறிஞர் செவ்ரோல் 1817இல் இதைத் திமிங்கிலத்தின் தலைக்கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்தார். திமிங்கில வேட்டை அருகியபின் இதை எங்கே பெறுவது? பனைப் பழத்திலே.

இப்பொழுது நாம் சிலாங்கூருக்குத் திரும்பலாம். ஆப்பிரிக்காவின் எண்ணெய்ப்பனைக் கன்றுகள் நான்கு 1848இல் சாவகத்தின் போகோர்ப் பூங்காவை அடைந்தன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்திராவில் அழகுக்காக வளர்க்கப்பட்டன. பெல்சியரான ஆலே என்பார் அங்கே அவற்றைத் தோட்டப்பயிராக்கினார். அவருடைய நண்பர் ஆன்ரி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து, மலாயும் தமிழும் கற்று, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னும் இடத்தில் ரப்பர் பயிரிட்டவர். ஆலேயிடம் பெற்ற விதைகளை அவரும் முதலில் அழகுக்கே நட்டார். 1917இலே பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் அவற்றை வாணிகத்துக்கெனப் பயிரிட்டார். மலேசியாவின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் அதுவே. பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்குகிறது. தோட்டத்தின் பெயர் மாறவில்லை. அதன் பெயர் 'தென்னமரம்'. தமிழ்ச் செவிக்கு இதற்கு உரை வேண்டுமோ? தேங்காயெண்ணெய் தடவிய மக்களைக் கொண்டு, தென்னையின் பெயர் தாங்கிய மண்ணில், தென்னைக்குப் போட்டியான மரம் வேரூன்றியது. பொக்கோனியே பின்னாளில் 'மலேசி' என்ற நாவலை எழுதிப் பிரான்சின் கோன்கூர்ப் பரிசை 1930இல் பெற்றார்.

சப்பானியர் ஆட்சியில் கப்பல் வரத்து நின்று, சவர்க்காரம் கிடைப்பது அரிதானபோது, மக்கள் செம்பனை எண்ணெயைச் சாம்பற் காரத்தோடு காய்ச்சித் தாமே சவர்க்காரம் செய்துகொண்டனர். சமையலுக்கும் விளக்குக்கும் அதே எண்ணெய் பயன்பட்டது. சயாம் மரண இரயில்பாதைக்குப் பல்லாயிரம் தமிழரை வாரிக்கொண்டு போன ஆண்டுகள் அவை. தலைமுடியைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நெஞ்சில்லை.

விடுதலைக்குப் பின், 1960களிலிருந்து ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை பரவியது. அம்மரத்திலே ஆண் பூங்கொத்து வேறு, பெண் பூங்கொத்து வேறு. இந்நாட்டு மரங்களில் மகரந்தம் சேர்க்கத் தக்க வண்டு அந்நாளில் இல்லாமையால், பல தோட்டங்களில் மனிதக் கை அவ்வேலையைச் செய்தது. அக்கைகளுள் பல பெண்களின் கைகள். மரம் மரமாகச் சென்று, முள் மட்டைகளை விலக்கி, பெண் பூவின்மேல் மகரந்தத் தூளை ஊதினர். 1981இல் கமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து விட்டபின் அவ்வேலை மறைந்தது. மருந்தடிக்கும் வேலையோ நிலைத்தது. பெண்கள் முதுகில் களைக்கொல்லிப் புட்டில் சுமந்து தெளித்தனர். பாராக்குவாட்டு என்னும் நஞ்சு 2020இலேதான் முற்றும் தடை செய்யப்பட்டது. அந்தியில் லயத்துக் குழாயடியில் அவர்கள் தலைமுழுகியது அழகுக்காக அன்று.

அப்பழத்தின் சதையிலிருந்து வரும் எண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருப்பது பால்மிட்டிக் அமிலம். அதனோடு நீரியம் சேர்த்தால் சீட்டைல் ஆல்கஹால் கிடைக்கும். கொட்டையிலிருந்து வரும் எண்ணெயோ தேங்காயெண்ணெய்க்கு உடன்பிறப்பு. ஷாம்புவின் நுரைப்பொருளுக்கு அது மூலம். 1980களிலிருந்து இவற்றைச் செய்யும் ஆலைகள் இந்நாட்டிலேயே பெருகின. சதை கண்டிஷனராகவும் கொட்டை ஷாம்புவாகவும் உருமாறிக் கடைத்தட்டில் அருகருகே நிற்கின்றன.

இனி, எதைத் தேர்வது? மூதாட்டியின் கேள்விக்குக் கடன்பட்டோமாதலின் இதையும் கூறவேண்டும். புட்டியில் பெரும்பகுதி தண்ணீர், அடுத்து மேற்சொன்ன மெழுகுப்பொருள், அடுத்து நேர்மின் தன்மையுள்ள உப்பு, பிறகு வாசனை. நனைந்த முடியின் மேற்புறம் எதிர்மின் தன்மை உடையது. ஆதலால் அவ்வுப்பு அதில் ஒட்டிக்கொள்கிறது. சாயமிட்டும் சூட்டுக்கோல் இட்டு நேராக்கியும் கெட்ட முடியில் இன்னும் மிகுதியாக ஒட்டும். ஆகவே கெட்ட முடிக்கும், தடித்துச் சுருண்ட நம்மவர் முடிக்கும், குழைவு மிகுந்த பூச்சு ஏற்றது. மெல்லிய முடிக்கு அது பாரம். நீர்த்த பூச்சே போதும். எதுவாயினும் மயிர்க்காலில் தேய்க்காமல் நடுவிலிருந்து நுனி வரை தடவி அலசவேண்டும். முதிய பகுதியும் சேதமுற்ற பகுதியும் நுனியல்லவா?

'உதிரும் முடிக்கு' என்று எழுதிய புட்டியைப் பற்றிச் சற்று அழுத்தியே கூறுவோம். நடுவில் அறுவதை எந்தக் கண்டிஷனரும் ஓரளவு குறைக்கும். வேரோடு உதிர்வதை எதுவும் தடுக்காது. மகப்பேற்றுக்குப் பின்னும், கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், இரும்புச் சத்துக் குறைவாலும் முடி கொட்டும். கொட்டும் முடியோடு களைப்பும் மூச்சிரைப்பும் உள்ள பெண் செல்லவேண்டிய இடம் மருத்துவமனை, கடைத்தெரு அன்று. இப்புட்டிக்குக் கொடுக்கும் வெள்ளியைக் கீரைக்கும் நெத்திலிக்கும் கொடுக்கலாம்.

தேங்காயெண்ணெயோ? 2003இல் இந்திய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட சோதனையில், கழுவுவதற்கு முன் பூசிய தேங்காயெண்ணெய் முடியினுள்ளே நுழைந்து புரதச் சேதத்தைக் குறைத்தது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் கண்டனர். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் வாசகர் மறக்கலாகாது. ஆயினும் காரணம் பொருந்துகிறது: அவ்வெண்ணெயின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடியின் புரதத்தோடு இணங்குவது. ஆகையால் முழுகுமுன் எண்ணெய் தேய்த்த நம் பாட்டிமார் வழக்கம் அறிவுக்கு ஒத்ததே. ஆனால் பொடுகுள்ள தலையில் எண்ணெயை இராமுழுதும் ஊறவிடுவது தவறு. பொடுகுக்குத் துணையான நுண்காளான் கொழுப்பைத் தின்று வளர்வது. பாட்டி சொன்னதெல்லாம் வேதமும் அன்று, புட்டியில் எழுதியதெல்லாம் வேதமும் அன்று.

நாம் கடைத்தட்டின் முன் அம்மூதாட்டியிடம் இவ்வளவும் பிரசங்கம் செய்யவில்லை. "செம்பனைப் பழத்துச் சரக்குத்தாம்மா பாதி" என்று மட்டும் சொன்னோம். அவர் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாம் மகரந்தம் ஊதிய காலத்தில், மட்டை முள் தலைத்துணியைக் கிழித்து முடியைப் பற்றி இழுக்கும் என்றும், அதற்காகவே கொண்டையை மிகத் தாழ்த்திக் கட்டியதாகவும் சொன்னார். பேத்திக்குச் சிறிய புட்டி ஒன்று வாங்கினார். தமக்கு ஒன்றும் வேண்டாமாம். இடித்துவிட்ட பழைய லயத்துப் பக்கம் வேலிச் செம்பருத்தி இன்னும் நிற்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு பை இலை கிள்ளி வரலாமாம். 1960இல் நாட்டின் தேசிய மலரான பூங்கா ராயா அந்தச் செம்பருத்திதான் என்று பேத்தி சொன்னாள்.